1882 டிசம்பர் 11

பாரதி விழா ஒன்றில் கேட்ட ஒரு வரி என்னை விடாமல் குடைந்துகொண்டே இருந்தது. பேசியவர் நல்ல பேச்சாளர், பாரதியை நிறையப் படித்தவர். முடிக்கும்போது சொன்னார்: "மகான்கள் வந்த வேலை முடிந்ததும் நிற்க மாட்டார்கள். பாரதியும் முப்பத்தொன்பது வயதுக்குள் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான்." அரங்கம் கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை. ஏன் என்று அப்போது தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அந்த 'முடித்துக்கொண்டு' என்ற சொல் உறுத்தியது. நாம் இதை எல்லாருக்கும் சொல்கிறோம். 39 வயதில் போன விவேகானந்தருக்குச் சொல்கிறோம், 32 வயதில் போன ராமானுஜனுக்குச் சொல்கிறோம், 29 வயதில் போன பட்டுக்கோட்டையாருக்கும் சொல்கிறோம். இழப்பை அழகாக மாற்றிக்கொள்ளும் பழக்கம் நமக்கு எப்படியோ வந்துவிட்டது.

அன்றைக்கே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா வழக்கம்போல ஒரு பட்டியல் போட்டிருந்தார். டிசம்பர் 11-இல் பிறந்தவர்கள்: பாரதி, விஸ்வநாதன் ஆனந்த், திலீப் குமார், பிரணாப் முகர்ஜி. கீழே எண் கணித விளக்கம். 2, 11, 20, 29 தேதிகளில் பிறந்தவர்கள் சந்திரனின் ஆதிக்கத்தில் வருகிறவர்கள், கற்பனை வளம் மிக்கவர்கள், மனம் அலைபாயும், இப்படி. சித்தப்பா இதை உண்மையாகவே நம்புகிறவர். பேரன் பேத்திகளுக்குப் பெயர் வைக்கும்போதுகூடக் கூட்டுத்தொகை பார்த்துத்தான் வைத்தார். அவரோடு இதில் நான் வாதாடுவதில்லை. ஆனால் அன்று அந்தப் பட்டியலையும் மேடையில் கேட்ட வரியையும் சேர்த்து யோசித்தபோது, இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன என்று பட்டது. எல்லாம் பிறந்த அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது என்கிறார்கள் இருவரும்.

சரி, அந்தத் தேதியைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். டிசம்பர் 11 வளமான தேதிதான். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் 1843-இல் அன்று பிறந்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1803. எகிப்திய நாவலாசிரியர் நகீப் மஹ்பூஸ் 1911. ரஷ்ய எழுத்தாளர் சோல்செனிட்சின் 1918. ஆனால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு வகுப்பறையில் 23 பேர் இருந்தாலே, அவர்களில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க வாய்ப்பு பாதிக்கு மேல். உலக வரலாறு முழுவதையும் எடுத்துக்கொண்டு ஒரு தேதியைத் தொட்டால் நாலு மேதைகள் விழத்தான் செய்வார்கள். எந்தத் தேதியைத் தொட்டாலும் விழுவார்கள். ஒரு கிருமியியல் அறிஞருக்கும் ஒரு செஸ் வீரருக்கும் பொதுவாக ஒரு குணத்தைத் தேடிப் பிடித்து, அதற்குச் சந்திரனைக் காரணம் காட்டுவதால் நமக்கு என்ன தெரிந்துவிடப்போகிறது?

தேதியோடு ஆண்டும் ஒன்றாக இருந்தால் கதை வேறு. அதற்கு உலகம் எடுத்துக்காட்டும் இணை டார்வினும் லிங்கனும். 1809 பிப்ரவரி 12-இல் ஒருவர் இங்கிலாந்தில் வசதியான மருத்துவர் வீட்டில் பிறந்தார், இன்னொருவர் கென்டக்கியில் மரக்கட்டைக் குடிசையில். லிங்கனை 56 வயதில் சுட்டுக் கொன்றார்கள். டார்வின் 73 வயது வரை இருந்து 1882-இல் இறந்தார். அதே 1882-இன் கடைசியில், டிசம்பர் 11 அன்று, எட்டயபுரத்தில் சுப்பிரமணியன் பிறந்தான். அன்றைக்கே ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரத்தில் மாக்ஸ் போர்ன் பிறந்தார். அன்றைக்கே நியூயார்க்கில் ஃபியோரெல்லோ லாகார்டியா பிறந்தார். பாரதி, குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களில் ஒருவர், நியூயார்க்கின் புகழ்பெற்ற மேயர். இந்த மூவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். இது தெரிந்த பிறகு எனக்குப் பல நாள் வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

மூன்று வீடுகள்

மூவரின் குழந்தைப் பருவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது தாய் இல்லாமை. பாரதிக்கு ஐந்து வயதில் அம்மா போய்விட்டார். போர்னுக்கு நான்கு வயது நிறையும் முன்பே. அப்பாக்களும் நெடுநாள் இருக்கவில்லை. சின்னசாமி ஐயர் 1898-இலும், உடற்கூற்றியல் பேராசிரியரான குஸ்டாவ் போர்ன் 1900-இலும் இறந்தார்கள். இரண்டு பையன்களும் பதினெட்டு வயதுக்கு முன்பே தாய் தகப்பன் இல்லாதவர்கள். இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு குடும்பத்திலும் நூலும் பஞ்சும் உண்டு. போர்னின் தாய்வழித் தாத்தா பெரிய ஜவுளி ஆலை முதலாளி. பாரதியின் அப்பா எட்டயபுரத்தில் பருத்தி ஆலை வைக்கப்போய் நொடித்துப்போனவர். ஒரு பையனுக்கு ஜவுளி ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு நிம்மதியாகப் போய்வரும் வசதியைக் கொடுத்தது. இன்னொருவன் கையில் அதே தொழில் கடனைக் கொடுத்துவிட்டுப் போயிற்று. கிரக நிலை இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். லக்னம் மாறும் என்பார் சித்தப்பா. மாறட்டும். ஜவுளித் தொழிலில் பிழைத்தவர்கள் யார், நொடித்தவர்கள் யார் என்பதற்கு லக்னத்தைவிட நல்ல விளக்கம் காலனி ஆட்சியின் வரலாற்றில் இருக்கிறது.

லாகார்டியாவின் கதை வேறு மாதிரி. அப்பா இத்தாலியிலிருந்து வந்தவர், அமெரிக்க ராணுவத்தில் பேண்ட் மாஸ்டர். அம்மா திரியெஸ்தேவைச் சேர்ந்த யூதப் பெண். பையன் அரிசோனாவின் ராணுவ முகாம்களில் வளர்ந்தான். பிறகு ஐரோப்பாவில் அமெரிக்கத் தூதரகங்களில் எழுத்தர் வேலை. திரும்பி வந்து எல்லிஸ் தீவில், கப்பலில் வந்திறங்கும் ஏழைக் குடியேறிகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்துகொண்டே இரவில் சட்டம் படித்தார். இத்தாலியமும் ஜெர்மனும் யூதர் மொழியான இத்தீஷும் குரோவேஷியனும் பேசிய மனிதர். காசியில் படித்த நம் ஆளுக்கும் மொழிகள் அப்படித்தான் ஒட்டிக்கொண்டன.

1918 நவம்பர்

உலகப்போர் முடிந்த மாதம். மூவருக்கும் 36 வயது நிறையப்போகிறது. பத்து ஆண்டுகள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் நிழலில் இருந்த பாரதி, இனி முடியாது என்று எல்லையைத் தாண்டி வருகிறார். நவம்பர் 20 அன்று கடலூர் அருகே கைது. அதே மாதம் பெர்லினில் புரட்சி. மாணவர் குழு பல்கலைக்கழகத்தைக் கைப்பற்றி, துணைவேந்தர் நிலையில் இருந்தவரையும் சில பேராசிரியர்களையும் பிடித்து வைத்திருக்கிறது. அவர்களை விடுவிக்க ஐன்ஸ்டைனும் போர்னும் உளவியலாளர் வெர்தைமரும் டிராம் ஏறி நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் போகிறார்கள். மாணவர்களோடு பேசுகிறார்கள், அங்கிருந்து புதிய அரசின் தலைவர் ஏபெர்ட்டையே போய்ப் பார்த்து அந்தக் காரியத்தை முடிக்கிறார்கள். அதே மாதம் நியூயார்க்கில், இத்தாலியில் விமானப் படையில் இருந்துவிட்டுத் திரும்பிய மேஜர் லாகார்டியா மறுபடியும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்.

டிசம்பர் 11 வந்தபோது பாரதி கடலூர்ச் சிறையில் இருந்தார். டிசம்பர் 14-இல்தான் விடுதலை. அந்தப் பிறந்தநாள் அன்றுதான் ரஷ்யாவில் கிஸ்லோவோத்ஸ்க் என்ற ஊரில் சோல்செனிட்சின் பிறந்தார். ஜார் ஆட்சி விழுந்ததைக் கேட்டுத் துள்ளிக் குதித்துப் பாட்டெழுதிய கவிஞர் ஒரு சிறையில் இருக்கும் நாளில், அந்தப் புரட்சிக்குப் பின் வந்த ஆட்சியின் சிறை முகாம்களில் எட்டு ஆண்டுகள் கிடந்து அதைப் பற்றி எழுதப்போகிற ஒருவர் பிறக்கிறார். இதைத் தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும், நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் ஒரு கேள்வி கூடவே வருகிறது. பாரதி 1930-களில் இருந்திருந்தால், ஸ்டாலின் காலத்துச் செய்திகள் மதராஸ் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்துசேர்ந்திருந்தால், என்ன எழுதியிருப்பார்? பழைய பாட்டைக் காப்பாற்றியிருப்பாரா, இல்லை கோபத்தோடு இன்னொரு பாட்டு எழுதியிருப்பாரா? அவர் இரண்டையுமே செய்யக்கூடியவர். நமக்கு அது கிடைக்கவில்லை.

முப்பத்தெட்டு வயது

இந்தக் கட்டுரையை எழுதவைத்தது 1921 என்ற ஆண்டு. ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு மூவருக்கும் ஆண்டுவாரியாக எழுதிக்கொண்டே வந்தேன். 1921 வந்ததும் இடது பத்தி நின்றுவிட்டது. மற்ற இரண்டு பத்திகளில் அந்த இடம் வரை இருந்ததைத் திரும்பப் படித்தேன். அங்கேதான் எனக்கு எல்லாம் புரிந்தது.

1921 செப்டம்பரில் பாரதி திருவல்லிக்கேணியில் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். கோயில் யானை தள்ளிய அதிர்ச்சியிலிருந்து தேறி வேலைக்கும் போய்வந்தவர்தான், ஆனால் உடம்பில் தெம்பு இல்லை. வயது 38, மேலே ஒன்பது மாதம். இறுதி ஊர்வலத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள்.

அந்த 1921-இல் மாக்ஸ் போர்ன் யார்? கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அப்போதுதான் பேராசிரியராக வந்து சேர்ந்தவர். மதிக்கப்பட்ட இயற்பியலாளர், படிகங்களைப் பற்றி நல்ல ஆய்வுகள் செய்தவர். அவ்வளவுதான். இன்று நாம் அவரை முக்கியமாக எதற்காக நினைக்கிறோமோ அதை அவர் அதுவரை செய்திருக்கவில்லை. ஹைசன்பர்க், யோர்டான் என்ற இரண்டு இளைஞர்களோடு சேர்ந்து குவாண்டம் இயக்கவியலை உருவாக்கியது 1925-இல். ஒரு துகள் எங்கே இருக்கிறது என்பதை இயற்பியல் நிச்சயமாகச் சொல்லாது, வாய்ப்பாகத்தான் சொல்லும் என்று எழுதியது 1926-இல். அதைப் படித்துவிட்டுத்தான் ஐன்ஸ்டைன் அவருக்கு, மேலே இருக்கும் பெரியவர் பகடை ஆடுகிறார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று கடிதம் போட்டார். போர்ன் 38 வயதில் இறந்திருந்தால், படிகவியல் பாடப்புத்தகத்தில் ஓர் அடிக்குறிப்பாக இருந்திருப்பார்.

லாகார்டியாவுக்கு 1921 வாழ்க்கையிலேயே மோசமான ஆண்டு. மேயர் வேட்பாளராகக் கட்சிக்குள் நின்று தோற்றார். மே மாதம் கைக்குழந்தை இறந்தது. நவம்பரில் மனைவி காசநோயில் இறந்தார். அந்த ஆண்டோடு அவர் கதையை முடித்துப் பார்த்தால், குடும்பத்தையும் பதவியையும் இழந்த, யாருக்கும் ஞாபகம் இல்லாத ஓர் அரசியல்வாதிதான் மிச்சம். அடுத்த ஆண்டே மறுபடி தேர்தலில் நின்று வென்று, பத்து ஆண்டுகள் காங்கிரஸில் தொழிலாளர்களுக்காகச் சண்டை போட்டு, 1934 முதல் 1945 வரை நியூயார்க்கின் மேயராக இருந்தார். 1945-இல் பத்திரிகை விநியோகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் செய்தித்தாள் நின்றுபோனபோது, பிள்ளைகள் படக்கதை இல்லாமல் ஏங்கக் கூடாதென்று வானொலியில் உட்கார்ந்து தானே வாசித்துக்காட்டிய மேயர் அவர்தான். எல்லாம் 38 வயதுக்குப் பிறகு.

இதைப் பார்த்த பிறகு 'வேலையை முடித்துக்கொண்டு' என்ற பேச்சை என்னால் ஏற்கவே முடியவில்லை. போர்னும் லாகார்டியாவும் 38-இல் போயிருந்தால் அவர்களைப் பற்றியும் யாராவது வந்த வேலை முடிந்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள். பாரதி மற்ற இருவரையும்விட முன்னாலேயே பழுத்தவர் என்பது உண்மை. 38 வயதுக்குள் அவர் தமிழுக்குச் செய்ததை மற்றவர்கள் எண்பது வயது வாழ்ந்தும் செய்யவில்லை என்பதும் உண்மை. இதை ஒரு நண்பரிடம் பேசியபோது அவர் அதைத்தான் சொன்னார், பாரதியை ஒரு மேயரோடு ஒப்பிடுவதே தப்பு என்று கோபித்துக்கொண்டார். கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் யார் பெரியவர் என்று நான் பார்க்கவில்லை. ஒரே நாளில் பிறந்த மூன்று பேருக்கு உலகம் எத்தனை ஆண்டுகள் கொடுத்தது என்று பார்க்கிறேன். லாகார்டியாவுக்கு 64. போர்னுக்கு 87. பாரதிக்கு 38.

அவர் தன்னை முடிந்துபோனவராக நினைக்கவே இல்லை. 1920-இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி, மொத்தம் 4 லட்சம் பிரதி அச்சடிக்கப்போவதாகத் திட்டம். மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு விற்கும் என்று நம்பினார். அதற்குக் கடன் கேட்டார். பெரிதாக யாரும் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் இல்லை. சந்திரிகையின் கதை என்று ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார், அது பாதியில் நிற்கிறது. விதவை மறுமணத்தை வைத்து எவ்வளவு தெளிவாக, எவ்வளவு சிரிப்போடு தொடங்கிய நாவல் அது! தமிழ் உரைநடை 1920-களில் வேறு திசையில் போயிருக்க ஒரு வாய்ப்பு இருந்தது, கிடைக்காத அந்த அச்சுக் கடனோடும் அந்த வயிற்றுக்கடுப்போடும் அது போயிற்று. அவர் பிறந்த அதே தேதியில் பிறந்த ராபர்ட் கோக், கல்கத்தாவுக்கே வந்து குளத்துத் தண்ணீரைச் சோதித்து, 1884-இல் காலராக் கிருமியைக் கண்டு சொன்னபோது எட்டயபுரத்துக் குழந்தைக்கு ஒரு வயது. தண்ணீரால் வரும் வயிற்று நோய்களைப் பற்றிய அறிவு அப்போதே இந்த நாட்டுக்கு வந்துவிட்டது. அது மக்கள் குடிக்கும் தண்ணீர்வரை வந்துசேர எவ்வளவு காலம் ஆயிற்று என்பது நம் எல்லாருக்கும் தெரிந்த கதை. விதி என்ற சொல்லை எடுப்பதற்கு முன் இதையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

பெங்களூருக்கு வந்தவர்

போர்ன் நம் பக்கம் வந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1933-இல் ஹிட்லர் வந்ததும் யூதர் என்பதற்காக கோட்டிங்கனில் வேலை போனது. நாடு விட்டுப் போனவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. சர் சி. வி. ராமன் கூப்பிட்டார். 1935-36 குளிர்காலத்தில் ஏறக்குறைய ஆறு மாதம், மனைவி ஹேடியோடு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தார். அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு 53 வயது நிறைந்தது. அவரை அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ள ராமன் பாடுபட்டார். பேராசிரியர்கள் கூட்டத்தில் ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டிலிருந்து விரட்டப்பட்ட இரண்டாம் தர அந்நியர் நமக்குப் போதாது என்கிற பொருளில் பேசினார். போர்ன் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குத் திரும்பி மனைவியிடம் அழுதுவிட்டதாக அவரே பின்னால் எழுதினார். அப்புறம் எடின்பரோவில் இடம் கிடைத்தது, போய்விட்டார்.

பெங்களூரிலிருந்து மதராஸுக்கு ஓர் இரவு ரயில் பயணம். தன்னோடு ஒரே நாளில் பிறந்த, தன்னைப் போலவே ஊரை விட்டு அடுத்த நாட்டு எல்லைக்குள் ஒளிந்து வாழ்ந்த ஒருவர் அந்த ஊரில் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு இறந்துபோனார் என்பது போர்னுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. தெரிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் எனக்கு அந்த ரயில் தூரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அகதி ஆவதிலும் எத்தனை வகை! போர்னுக்கு ராமன் இருந்தார், கேம்பிரிட்ஜ் இருந்தது, கடைசியில் எடின்பரோ இருந்தது. புதுச்சேரியில் பாரதிக்கு இருந்தவர்கள் அவரைப் போலவே கையில் காசில்லாத சில நண்பர்களும், வாசலில் நின்ற பிரிட்டிஷ் உளவாளிகளும்தான்.

போர்னின் காத்திருப்பும் நீண்டது. சேர்ந்து செய்த வேலைக்கு ஹைசன்பர்க்குக்கு மட்டும் 1932-க்கான நோபல் போனது. போர்னுக்கு 1954-இல்தான் கொடுத்தார்கள், 1926-இல் எழுதியதற்காக. இருபத்தெட்டு ஆண்டு தாமதம். அது அநியாயம் என்று அவர் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் அநியாயமாகத்தான் படுகிறது, ஆனாலும் அவருக்கு அந்த இருபத்தெட்டு ஆண்டுகள் உயிரோடு இருக்க முடிந்தது. ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை அவர் ஆற்றிய தேதி 1954 டிசம்பர் 11. அன்று அவருக்கு 72 வயது நிறைந்தது.

அந்தத் தேதியில் பாரதிக்கும் 72 நிறைந்திருக்கும். அதைக் கற்பனை என்று தள்ளிவிடுவது சுலபம், எனக்கு அது கற்பனையாகத் தோன்றவில்லை. செல்லம்மா அப்போது இருந்தார். 1951-இல் திருச்சி வானொலியில் தன் கணவரைப் பற்றிப் பேசினார், 1955-இல்தான் இறந்தார். பாரதியைவிட ஏழெட்டு வயது இளையவர், அதே வறுமையில், அதே வீட்டுச் சோற்றையும் பட்டினியையும் பகிர்ந்தவர், கணவர் போன பிறகு அவருடைய எழுத்தை அச்சுக்குக் கொண்டுவரத் தானே இறங்கியவர். அவருக்கு 1954 சாத்தியமாக இருந்தது. பாரதிக்கும் இருந்திருக்கும்.